பின்வாசல் பொறுப்பாளர்

நாய் விடுதியின் இருபத்திரண்டு கூண்டுகளையும் காலை எட்டு மணிக்குள் கழுவி முடித்துவிட வேண்டும். எட்டரைக்கு நாய்களின் சொந்தக்காரர்கள் கைப்பேசியில் கேமராவைத் திறந்து பார்ப்பார்கள். அப்போது தரை ஈரமாக இருக்கக் கூடாது. அவள் ஆறு மணிக்கே குழாயை மாட்டிவிடுவாள். முதலில் மலத்தைத் தகரத்தால் வழித்து வாளியில் போடுவது, அப்புறம் பிளீச்சிங் பவுடர், அப்புறம் தண்ணீர், கடைசியாக ரப்பர் கட்டையால் எல்லாவற்றையும் சாக்கடை வாய்க்குத் தள்ளிக்கொண்டு போவது. ராத்திரியெல்லாம் அடைந்து கிடந்த மூத்திர நெடியில் பவுடர் விழுந்ததும் கண் எரியும். பதினொரு வருஷமாக எரிந்துகொண்டிருப்பதால், எரியாத நாளில்தான் பவுடரில் ஏதோ கலந்துவிட்டார்கள் என்று அவளுக்குச் சந்தேகம் வரும்.

கூண்டு என்று சொல்லக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. அறை என்று சொல்ல வேண்டும். நாய் என்றும் சொல்லக் கூடாது, விருந்தாளி. இந்த இரண்டு வார்த்தைகளைப் பழக்குவதற்காக அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரவழைத்து வகுப்பே எடுத்தார். மறுநாள் காலை அவள் அவரிடம் போய், "ஆறாம் அறையில விருந்தாளி படுக்கையிலயே பேண்டு வச்சிருக்கு, சார்" என்றாள். வருகிறவர்களை வரவேற்கிற முன்மேஜைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். முதலாளி சிரிக்கவில்லை. வகுப்பு நன்றாக வேலை செய்திருக்கிறது என்று அவர் தலையை ஆட்டினார்.

பதினோராம் அறையில் இருந்தது ஒரு பல் டாக்டரின் நாய். கோதுமை நிறம், தொங்கு காது, கன்றுக்குட்டி அளவு. டாக்டரும் மனைவியும் பத்து நாள் வெளிநாட்டுப் பயணம் போயிருந்தார்கள். நாயோடு எட்டுப் பக்கத்துக்கு ஒரு படிவம் வந்திருந்தது. எந்தக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் அதற்குப் பிடிக்கும், தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்க வேண்டும், இடி இடித்தால் பயப்படும், அப்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. அதன் பெயர் வாயில் நுழையாத ஒரு பெயர். அவள் அதைப் 'பதினொண்ணு' என்றாள். இரண்டாம் நாளே அது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தது.

அவளைப் பற்றி அந்த அலுவலகத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. வேலைக்குச் சேர்ந்ததற்கான கடிதம் வேண்டும் என்று அவள் கேட்க ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவள் புருஷன் வெல்டர். அன்றன்றைக்குக் கிடைத்த பட்டறையில் வேலை செய்கிறவன். அவனுடைய இடது கண்ணில் வெள்ளையாக ஒரு படலம் வளர்ந்துகொண்டிருந்தது. தொழிலாளர் மருத்துவ அட்டை இருந்தால் குடும்பத்தில் யாருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். அட்டை வாங்க வேலைக் கடிதம் வேண்டும். முதலாளி ஒரு தடவையும் இல்லை என்று சொன்னதில்லை. "பாக்கலாம்மா" என்பார். அவர் எதையும் பார்ப்பவரில்லை என்று அவளுக்கு முதல் வருஷமே தெரிந்துபோயிற்று. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய் நிற்பாள். அந்த 'பாக்கலாம்மா'வைக் கேட்டுவிட்டு வந்து, அதே குரலில் முன்மேஜைப் பெண்ணிடம் சொல்லிக் காட்டுவாள்.

பின்வாசல் கதவு விஷயமும் அப்படித்தான். முற்றத்திலிருந்து சந்துக்குப் போகிற இரும்புக் கதவு. கீழ்க் கீல் துருப்பிடித்து அறுந்து, கதவு சாய்ந்துவிட்டதால் தாழ்ப்பாள் ஓட்டைக்குள் போய் உட்காரவில்லை. அவள் நாலு தடவை சொன்னாள். முதல் தடவை பாக்கலாம் என்றார். இரண்டாம் தடவை கம்பி வைத்துக் கட்டச் சொன்னார். மூன்றாம் தடவை, எதுவானாலும் முறைப்படி புகார் நோட்டில் எழுத வேண்டும் என்றார். முன்மேஜைப் பெண் எழுதினாள், இவள் கையெழுத்துப் போட்டாள். நாலாம் தடவை அவளே புருஷனை வரவழைத்தாள். அவன் மெஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, அரைமணி நேர வேலை, சும்மாவே செய்துகொடுத்துவிட்டுப் போகிறேன் என்று வந்தான். நெருப்புப் பொறி பட்டுச் சட்டையெல்லாம் பொத்தல். முதலாளி அவனை வாசலிலேயே பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்கள் வருகிற நேரம், இப்படி ஓர் ஆள் நிற்பது இடத்துக்குப் பொருந்தாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பெரிய கம்பெனி ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறாராம். அந்தக் கம்பெனி வரவேயில்லை. கதவு கம்பியில் நின்றது.

முற்றத்துச் சுவரில் ஒரு கேமரா இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அதை மாட்டிய அன்றே முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, மாடியிலிருந்து தான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன் என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து அவள் முற்றத்தில் உட்கார்ந்ததில்லை. முழங்கால் வலித்தாலும் நின்றுகொண்டே டீ குடிப்பாள்.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். பதினொண்ணு வாந்தி எடுத்திருந்தது. கழுவும்போது நாயை முற்றத்தில் விடுவதுதான் வழக்கம். அவள் அதை முற்றத்தில் விட்டுவிட்டு, உள்ளே குனிந்து வாந்தியை வழித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து வானம் மூடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலேயே இடித்தது போல ஓர் இடி. உடனே வெளியே இரும்பு அதிர்கிற சத்தம் கேட்டது. தகரத்தைப் போட்டுவிட்டு அவள் ஓடியபோது கதவு ஒரு முழம் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. அறுந்த கம்பி தரையில் கிடந்தது. சந்தின் முனையில் கோதுமை நிறமாக ஏதோ திரும்பியது.

அவள் சந்தைத் தாண்டி, பெரிய சாலையைத் தாண்டி, டயர் கடை வரைக்கும் ஓடினாள். ஒரு செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. டயர் கடைக்காரன் கிழக்கே கை காட்டினான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து அவள் நனைந்து திரும்பி வந்து முதலாளியிடம் சொன்னாள்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "யாராவது பாத்தாங்களா?"

டயர் கடைக்காரர் பார்த்தார், கிழக்கே போயிருக்கிறது என்றாள்.

"நான் அதைக் கேக்கல. நம்ம கஸ்டமர் யாராவது பாத்தாங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை என்றதும் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகுதான் எந்த நாய் என்று கேட்டார்.

தேடலாம், ஆனால் சத்தம் போட்டுத் தேடக் கூடாது என்று அவர் ஏற்பாடு செய்தார். சுவரில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது. விடுதிப் பெயர் போட்ட சட்டையைக் கழற்றிவிட்டு, வேலை முடிந்த பிறகு போய்த் தேட வேண்டும். போலீஸுக்கு அவரே போன் செய்து சொல்லிக்கொள்வார். அவர் சொல்லவில்லை என்று முன்மேஜைப் பெண் அப்புறம் சொன்னாள்.

பதினோராம் அறைக் கேமரா பழுது, சரிசெய்துகொண்டிருக்கிறோம் என்று டாக்டர் மனைவிக்கு அன்றே எழுதிவிட்டார்கள். அதுபோக அவளுக்குத் தினமும் மூன்று படம் அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். இதற்கென்று விடுதியில் ஒரு வழி வைத்திருந்தார்கள். நாய் வந்து சேர்கிற முதல் நாளே பந்தோடு, பூந்தொட்டியோடு, புல்தரையில், ஜன்னலோரமாக என்று முப்பது படம் எடுத்து வைத்துவிடுவார்கள். அதிலிருந்து தினம் மூன்று போகும். அதனால் நாய் தொலைந்து மூன்று நாளும் பந்து விளையாடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் நாள் டாக்டர் மனைவி, குட்டி இளைத்தது போலத் தெரிகிறதே, சரியாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டு எழுதியிருந்தாள். முன்மேஜைப் பெண் கைப்பேசியை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்துவிட்டு, "உங்களை நினைச்சு ஏங்குது, மத்தபடி நல்லா சாப்பிடுதுன்னு போடு" என்றார். அங்கிருந்து வரிசையாக ஆறு இதயம் வந்தது.

அவள் காலையில் கூண்டு கழுவினாள், சாயங்காலம் தெருத்தெருவாக நடந்தாள். பதினோராம் அறையையும் தினமும் கழுவச் சொன்னார் முதலாளி. அழுக்கே இல்லாத தரையில் அவள் பவுடர் போட்டு, தண்ணீர் விட்டு, தள்ளினாள்.

நாலாம் நாள், டாக்டரும் மனைவியும் மறுநாள் காலை திரும்பி வருவதாகச் செய்தி வந்தது. அன்று மத்தியானம் முதலாளி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உக்காரும்மா" என்றார். பதினொரு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்வது அதுதான் முதல் தடவை. குஷன் ரொம்ப உள்ளே போனது.

அவர் ஒரு காகிதத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். விடுதியின் பெயர் தங்க எழுத்தில் அச்சடித்த கெட்டிக் காகிதம். பணி நியமனக் கடிதம் என்று மேலே போட்டிருந்தது. அவள் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். தன் பெயரை அச்சில் பார்த்தாள். அதற்குக் கீழே அவளுடைய பதவி: பின்வாசல் மற்றும் முற்றப் பாதுகாப்புப் பொறுப்பாளர்.

"தேதி மூணு மாசத்துக்கு முந்தி போட்டிருக்கே, சார்."

"உனக்கு அதுதான் நல்லது. சர்வீஸ் சேரும்ல."

"பதினொரு வருஷத்துக்குப் போட்டா இன்னும் சேருமே."

"எல்லாத்தையும் ஒரேயடியா கேட்டா எப்படிம்மா?" என்று அவர் சிரித்துக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முன்மேஜைப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்பது போலத் தலையை லேசாக அசைத்தாள். இவளுக்கும் புரியாமல் இல்லை. ஒரு காகிதத்தைத் தேதியை மாற்றி எதற்குக் கொடுப்பார்கள் என்று தெரியாத அளவுக்கு அவள் முட்டாளில்லை. ஆனால் அந்த வாரம் புருஷன் படியைத் தவறவிட்டு இரண்டு தடவை விழுந்திருந்தான். பட்டறையில் இனிமேல் கூப்பிட யோசிப்பார்கள். கடிதம் எதற்காக வந்தாலும் கடிதம்தான், அட்டை வாங்கிவிட்டால் அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதி கேட்டாள். நாளைக்குத் தருகிறேன் என்று அவர் காகிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் பத்து மணிக்கு டாக்டரும் மனைவியும் வந்தார்கள். மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதாள். டாக்டர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இவளைக் கூப்பிட்டு அறையின் ஓரமாக நிற்கவைத்தார்கள். நேற்று உட்கார்ந்த நாற்காலியில் இன்று டாக்டர் மனைவியின் கைப்பை இருந்தது.

முதலாளி உருக்கமாகப் பேசினார். தவறு எங்கள் பக்கம்தான், அதை மறைக்க விரும்பவில்லை, பொறுப்பேற்பதுதான் இந்த விடுதியின் முதல் கொள்கை என்றார். "யார் பொறுப்புங்கிறதுக்கு எங்ககிட்ட ரெக்கார்டு இருக்கு, டாக்டர்" என்று இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் அதை எக்ஸ்ரே படம் பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கதவு ஆறு மாதமாக உடைந்து கிடக்கிறது, நாலு தடவை சொல்லியிருக்கிறேன், நோட்டிலும் எழுதியிருக்கிறது என்று அவள் சொன்னாள். முதலாளி நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது புது நோட்டு. முதல் பக்கத்தில் போன வாரத்துத் தேதியில், தண்ணீர் மோட்டாரில் சத்தம் வருகிறது என்று ஒரே ஒரு புகார் இருந்தது. அவள் முன்மேஜைப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் தட்டச்சுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் முற்றத்துக் கேமராவைப் போட்டுப் பாருங்கள், கம்பி எப்படி அறுந்தது என்று அதிலேயே இருக்குமே என்று அவள் சொன்னாள்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "பின்பக்கத்துல இருக்கறது டம்மி, டாக்டர். வெறும் கூடு. ஒரு பயத்துக்காக மாட்டி வச்சது."

"யாருக்குப் பயம்?"

"ஸ்டாஃபுக்கு."

டாக்டர் புரிந்துகொண்டது போலத் தலையாட்டினார். "எங்க கிளினிக்லயும் ஒண்ணு இருக்கு" என்றார்.

அவளுடைய முழங்கால் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. நாலு வருஷம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பயந்து நின்றுகொண்டே டீ குடித்ததை நினைத்தாள். முதலாளியின் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. இத்தனை வருஷம் இந்த ஆளையா பெரிய மனுஷன் என்று சார் போட்டோம் என்றிருந்தது.

டாக்டர் மனைவி அவளிடம், "நீ அப்ப தூங்கிட்டு இருந்தியா?" என்று கேட்டாள்.

"வாந்தி அள்ளிட்டு இருந்தேன். உங்க நாயோடது."

"நாய்னு சொல்லாத" என்றாள் டாக்டர் மனைவி.

மத்தியானமே வேலைநீக்கக் கடிதம் தயாராகிவிட்டது. இதற்கு மட்டும் இரண்டு பிரதி கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் விடுதியின் வாடிக்கையாளர்கள் முந்நூறு பேருக்கும் செய்தி போனது. வருந்தத்தக்க சம்பவத்துக்குப் பொறுப்பானவர் உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார், உங்கள் செல்லங்களின் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு என்று அதில் இருந்தது. எவ்வளவு நேர்மையான நிர்வாகம் என்று பலர் பாராட்டி எழுதியிருந்தார்கள். அதையும் ஒரு தாளில் அச்சடித்து முன்னறையில் மாட்டினார்கள்.

அடுத்த நாள் அவள் வேலைநீக்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு புருஷனோடு மருத்துவ அட்டை அலுவலகத்துக்குப் போனாள். நியமனக் கடிதம் கைக்கு வரவில்லை. இதிலாவது அவள் வேலை பார்த்தாள் என்று எழுதியிருக்கிறதே. இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றார்கள். குமாஸ்தா கடிதத்தை முழுக்கப் படித்தான். அவன் கெட்டவனாகத் தெரியவில்லை. வேலையில் இருந்ததற்கு இது நல்ல ஆதாரம்தான், ஆனால் நேற்றோடு முடிந்துவிட்டதே என்றான்.

"இப்படி ஒரு கடிதத்த வேலையில இருக்கும்போதே கொண்டாந்திருந்தா அன்னிக்கே அட்டை குடுத்திருப்போம்மா."

"வேலையில இருக்கும்போது தர மாட்டேன்னாங்களே."

குமாஸ்தா கடிதத்தை மடித்து ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். வெளியே வந்ததும் வெல்டர் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள். அப்புறம் அவன் படி இறங்குவதற்கு அவள் கை கொடுத்தாள்.

இதற்குள் டாக்டர் வீட்டார் விளக்குக் கம்பந்தோறும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். படத்தில் நாய் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. காணாமல் போனதா, திருடப்பட்டதா என்று விசாரிக்கப்படுகிறது என்று கீழே ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்த பிறகு அவள் காலையிலேயே கிளம்பித் தேட ஆரம்பித்தாள்.

"உன்னை வெளிய தள்ளினவங்க நாய். நீ எதுக்குத் தேடுற?" என்று வெல்டர் கேட்டான்.

"எனக்கு நாய் வேணாம். அந்த ஆள் மேஜை மேல கொண்டுபோய் உக்கார வைக்கணும். அவ்வளவுதான்."

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். இடது பக்கம் அவனுக்குத் தெரியாது என்பதால் அவள் இடது பக்கம் பார்த்தாள். கறிக்கடைகளின் பின்பக்கம், மரக்கிடங்கு, குப்பை பிரிக்கிற இடம், ரயில் பாதையோரம் என்று நாலு நாள் நடந்தார்கள். கேட்ட இடத்திலெல்லாம் ஜனங்கள் முதலில் நோட்டீஸ் படத்தைப் பார்த்தார்கள், அப்புறம் இவர்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு பஸ் பணிமனைக்குப் போனார்கள். அங்கே நாலைந்து பேர் பஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், சக்கரம் கழற்றிய ஒரு பழைய பஸ்ஸுக்கு அடியில் சாக்கின் மேல் ஒரு நாய் கிடந்தது. கிரீஸும் சேறும் அப்பி நிறம் தெரியவில்லை. அவள் குனிந்து, "பதினொண்ணு" என்றாள். ஒரு காது எழுந்தது. அப்புறம் அது வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்து, அவள் காலடியில் சரிந்து படுத்துக்கொண்டது.

பஸ் கழுவுகிற பெண் ஒருத்தி சேலையை இழுத்துச் செருகியபடியே வந்தாள். மழையில் வந்து ஒதுங்கியது, பத்து நாளாக இங்கேதான் கிடக்கிறது, இவர்கள் சாப்பாட்டில் ஆளுக்கொரு வாய் போடுகிறார்கள் என்றாள். முதல் நாள் இடி இடித்தபோது நடுநடுங்கிப்போய்விட்டது, ஒருத்தர் கூடவே உட்கார்ந்து ஏதோ கதை பேசிக்கொண்டிருந்த பிறகுதான் அடங்கியது என்றாள். எட்டுப் பக்கப் படிவம் அவர்களிடம் இல்லை. யாருடைய நாய் என்று கேட்டாள்.

"ஒரு பல் டாக்டரோடது."

"அப்படியா? எங்க சாப்பாட்டு டப்பா மூடியிலதான் தண்ணி குடிக்குது. முகம் சுளிக்கல" என்றாள் அந்தப் பெண். சாக்குக் கயிறு ஒன்றைக் கழற்றி நாயின் கழுத்தில் கட்டிக் கொடுத்தாள்.

அவள் விடுதிக்கு முன்வாசல் வழியாகப் போனாள். பளபளவென்று இருந்த தரையில் நாயின் கிரீஸ் கால்தடம் மேஜை வரைக்கும் பதிந்தது. முதலாளி ஓடி வந்தார். அவளைப் பார்ப்பதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் போட்டார். நாயைக் குளிப்பாட்ட நேரமிருக்காதா என்று முன்மேஜைப் பெண்ணிடம் கேட்டார். அரைமணி நேரத்தில் கார் வந்துவிட்டது.

டாக்டர் மனைவி நாயைக் கட்டிக்கொள்ளக் குனிந்து, பாதியில் நிமிர்ந்து, "என்ன நாத்தம் இது" என்றாள். டாக்டர் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி அடக்கமாகப் பேசினார்.

"எங்க டீம் ஒரு நாள்கூட விடாம தேடுச்சு, டாக்டர்."

"அக்காதான் தேடுனாங்க" என்றாள் முன்மேஜைப் பெண். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. சொன்னதுமே அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் மனைவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் கிடைக்காத நாய் இவளுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது, எங்கே இருக்கிறது என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று கணவனிடம் கேட்டாள். பஸ் பணிமனையில் இருந்தது, வேண்டுமானால் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். டாக்டர் பெருந்தன்மையோடு கையை அசைத்தார். போகட்டும், கிடைத்துவிட்டது, இனிமேல் போலீஸ் புகாரெல்லாம் வேண்டாம், இவளை மன்னித்துவிடலாம் என்றார். முதலாளியும் அது நல்ல முடிவு என்றார்.

அவர்கள் நாயின் சாமான்களை எடுக்கப் போன நேரத்தில் அவள் முதலாளியின் முன்னால் போய் நின்றாள். நாய் கிடைத்துவிட்டது, இனிமேல் வேலையைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று கேட்டாள். கடிதத்தையும் கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் நிலைமையையும் யோசிச்சுப் பாரும்மா. பொறுப்பானவங்கள நீக்கியாச்சுன்னு முந்நூறு பேருக்கு எழுதியிருக்கேன். இப்ப உன்னைத் திரும்ப எடுத்தா நான் எழுதினது பொய்யாயிடாதா?"

"எழுதினது பொய்தானே, சார்."

"அது வேற" என்றார் அவர்.

அவள் வார்த்தையை வீணாக்காமல் வெளியே வந்தாள். எதிர்ப்பக்கம் வெல்டர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தான்.

அவள் சாலையைக் கடப்பதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. நாய் காரில் ஏற மாட்டேன் என்று நடைபாதையில் உட்கார்ந்துவிட்டது. டிரைவர் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தான். அது முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டது. கயிறு இறுகி இருமியது. டாக்டர் மனைவி அதன் வாயில் நுழையாத பெயரைச் சொல்லிக் கொஞ்சினாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி வாசற்படியிலிருந்து அவளைப் பார்த்துக் கையசைத்து, "ஒரு நிமிஷம் ஏறி உக்காரும்மா. நீ உக்காந்தா ஏறிடும்" என்றார்.

அவள் நின்றாள். போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். டிரைவர் மறுபடி இழுத்தான், நாய் மறுபடி இருமியது. அவள் திரும்பி வந்து அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள்.

காரில் கால் வைக்கப் போனபோது டாக்டர் மனைவி, "இரு" என்று விரலைத் தூக்கினாள். பின்பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒரு மஞ்சள் துண்டை எடுத்து இருக்கையில் விரித்தாள். அவள் துண்டின் மேல் உட்கார்ந்தாள். நாய் ஒரே தாவலில் ஏறி, அவள் மடியில் தாடையை வைத்துப் படுத்தது. அதன் கனமெல்லாம் அவள் தொடையில் இருந்தது.

டாக்டர் மனைவி முன்னால் ஏறிக்கொண்டாள். டிரைவர் நடைபாதைப் பக்கத்துக் கதவைச் சாத்தினான். டாக்டர் காரைச் சுற்றிக்கொண்டு வந்து, சாலைப் பக்கத்துக் கதவைத் திறந்துபிடித்தார்.

"நீ இந்தப் பக்கமா இறங்கிக்கோ" என்றார்.

அவள் நாயின் தலையை இரண்டு கையாலும் தூக்கி இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினாள். சாலைப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் கால் கணுக்கால் வரை போனது. டாக்டர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கார் நகர்ந்து பத்தடி போனதும் பின்ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியது. மஞ்சள் துண்டு வெளியே வந்தது. ஒரு கை அதை இரண்டு தடவை நன்றாக உதறி உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணாடி ஏறியது.